எழுதியதைப் படிக்க ஓர் ஆள்
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தச் சொற்பொழிவை நடத்துவது பெரிய செல்வந்தர் யாரும் நிறுவிய அறக்கட்டளை அல்ல. தங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த ஆசிரியரின் நினைவாக அவருடைய மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுச் சேர்த்த தொகை. என்னை அழைக்க வந்த நண்பர் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஆசிரியரைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது இது: "நாங்க எழுதிக் கொடுத்ததை முழுசாப் படிப்பார் சார். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, ‘உன் பாட்டிக்குக் கால் வலி இப்போ தேவலையா?’ன்னு கேட்பார்." எந்தப் பிழையை எப்படித் திருத்தினார் என்பது நண்பருக்கு நினைவில்லை. பாட்டியின் கால் வலியை விசாரித்தது நாற்பது ஆண்டு கழித்தும் நினைவிருக்கிறது.

கணினியையும் இணையத்தையும் கொண்டு ஆங்கிலமும் எழுத்தும் கற்பிப்பது பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். அந்த ஆசிரியர் கேட்ட கேள்வியை மனதில் வைத்துக்கொண்டே பேசப்போகிறேன். முதலில் என் வகுப்பறையில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

2003-ஆம் ஆண்டு. முதலாண்டு பி.ஏ. மாணவர்களுக்குப் பகுதி 2 ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலானோர் தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்கள். வகுப்பில் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார்கள். கல்லூரியில் 24 கணினிகள் கொண்ட லேப் ஒன்று இருந்தது. ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும் எளிய மென்பொருள் ஒன்றை லேப் அசிஸ்டென்ட் போட்டுக் கொடுத்தார். வகுப்பை இரண்டு பேட்ச்சாகப் பிரித்து வாரம் ஒரு ஹவர் அங்கே அழைத்துப் போனேன். வாயைத் திறக்கக் கூடாது, எதைச் சொல்வதானாலும் ஆங்கிலத்தில் டைப் செய்துதான் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே விதி. அன்றைக்குக் கொடுத்த பொருள், வீட்டில் ஒருவரைப் பற்றி.

கடைசி வரிசையில் ஒரு மாணவர் மூன்றே சொல் அடித்தார்: "மை ஃபாதர் டெய்லர்."

அந்தப் பக்கத்து மூலையிலிருந்து ஒரு மாணவி கேட்டார்: "இஸ் ஆர் வாஸ்?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. மற்றவர்களுடைய வரிகள் திரையில் மேலே மேலே போய்க்கொண்டிருந்தன. பிறகு வந்தது: "வாஸ். நவ் ஆல் பீப்பிள் பை ரெடிமேட். நவ் ஹி இஸ் வாட்ச்மேன் இன் டெக்ஸ்டைல் ஷாப்."

அந்த மாணவி எழுந்து அவரைத் திரும்பிப் பார்த்தார். உட்கார்ந்து அடித்தார்: "ஹூ ஸ்டிச் யுவர் ஷர்ட்?"

"மை ஃபாதர். ஸ்டில்."

என் ஆசிரியப் பணியில் நான் கண்ட மிக நல்ல ஆங்கில உரையாடல்களில் இதுவும் ஒன்று. இலக்கணப்படி பார்த்தால் குறைகள் இருக்கின்றன. ஆனால் வாஸ், நவ், ஸ்டில் என்று காலத்தைக் காட்டும் மூன்று சொற்கள் அவருக்குத் தேவைப்பட்டு வந்திருக்கின்றன. ‘ஸ்டில்’ நான் கரும்பலகையில் பட்டியல் போட்டுக் கொடுத்த சொல்தான். அது வரை ஒருவரும் அதை எடுத்துப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை.

அந்த முதல் வரி கம்போசிஷன் நோட்டில் என்னிடம் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? சிவப்பு மையால் நடுவில் ‘இஸ் எ’ என்று செருகியிருப்பேன். இலக்கணம் சரியாகியிருக்கும், செய்தி தவறாகியிருக்கும். அவருடைய அப்பா அப்போது தையல்காரர் இல்லை. "என் அப்பா டெய்லர்" என்பது தமிழில் குறையில்லாத வாக்கியம், அதற்கு வினைச்சொல் வேண்டாம். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஒரு வினை வந்தே ஆக வேண்டும், வந்தால் காலத்தைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த வேறுபாட்டை நான் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அந்த மாணவி ஒரே கேள்வியில் அதைப் புரியவைத்துவிட்டார், ஏனென்றால் அவருக்கு உண்மையிலேயே விடை வேண்டியிருந்தது.

இந்த முறை நானாகக் கண்டுபிடித்ததல்ல. வாஷிங்டன் நகரில் காது கேளாத மாணவர்களுக்கான கேலடெட் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1864-ல் அதிபர் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற நிறுவனம். அங்கே 1985-ல் ட்ரென்ட் பாட்சன் என்ற ஆங்கிலப் பேராசிரியர் தொடங்கிய முயற்சியைப் படித்துவிட்டுத்தான் நான் அந்த லேபுக்குள் போனேன். ஆங்கிலம் கற்பிக்கிற தமிழ் ஆசிரியர்கள் எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பிறவியிலேயே காது கேளாத அமெரிக்க மாணவர்களில் பலருக்கு முதன்மை மொழி அமெரிக்கச் சைகை மொழி. அது ஆங்கிலத்தைக் கையால் காட்டுவது அல்ல, தனி மொழி. இதை 1960-ல் முறையாக எடுத்துக்காட்டிய வில்லியம் ஸ்டோக்கோவும் கேலடெட்டில் ஆங்கிலத் துறையில் இருந்தவர்தான். அந்த மொழியில் ஆம்-இல்லை விடை வேண்டும் கேள்வியைப் புருவத்தை உயர்த்திக் கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் உள்ளதுபோல் ‘இஸ்’ என்ற இணைப்பு வினை அதில் இல்லை. ‘எ’, ‘த’ ஆகியவை விழும் இடங்கள் கற்பவரைக் குழப்புகின்றன. கேட்கும்போது நம் பிள்ளைகளின் நோட்டு ஞாபகம் வருகிறதல்லவா?

இலக்கணத்தைவிடப் பெரிய ஒற்றுமை ஒன்று உண்டு. அந்த மாணவர்களுக்கு ஆங்கிலம் என்பது தாளில் மட்டும் இருந்தது. பாடப்புத்தகத்தில் இருக்கும், பயிற்சித்தாளில் இருக்கும், திருத்தப்பட்டுத் திரும்பி வரும். சண்டை போட, கேலி செய்ய, சமாதானம் சொல்ல அவர்களுக்கு வேறு மொழி இருந்தது. எங்கள் மாணவர்களுக்கும் ஆங்கிலம் கரும்பலகையில், கைடில், தேர்வுத்தாளில் மட்டும்தானே இருந்தது? காது நன்றாகக் கேட்கிற பிள்ளைகள்தான். ஆனால் அவர்களிடம் ஆங்கிலத்தில் எதையாவது தெரிந்துகொள்ள விரும்பி யாரும் எதையும் கேட்டதில்லை.

பாட்சன் வகுப்பறைக் கணினிகளை ஒரு வலைப்பின்னலில் இணைத்தார். ஒவ்வொருவர் திரையிலும் கீழ்ப்பகுதி அவரவருக்கு உரியது. அங்கே எழுதலாம், அழிக்கலாம், மாற்றலாம், யாரும் பார்க்க மாட்டார்கள். அனுப்பியதும் அது பெயரோடு மேற்பகுதியில் எல்லோருக்கும் தெரியும். ஆசிரியரும் அதே திரையில், அதே எழுத்தளவில், எல்லோரோடும் சேர்ந்து எழுதுவார். வகுப்பு முடிந்ததும் நடந்த உரையாடல் முழுவதும் கையில் இருக்கும். அடுத்த நாள் அதுதான் பாடம். மின்னணு வலைப்பின்னல் வழியே ஊடாடுவதைக் குறிக்கும் ஒரு பெயரைச் சுருக்கி இதை ‘என்ஃபி’ என்றார்கள்.

இன்று கைப்பேசியில் இதைத்தானே நாள் முழுக்கச் செய்கிறோம் என்று மாணவர்கள் நினைக்கலாம். உண்மைதான். ஆனால் 1985-ல், காது கேளாத ஒரு பெண், எதிரே இருப்பவர் ஆங்கிலத்தில் சொன்னதை அந்த நொடியே படித்து, அந்த நொடியே ஆங்கிலத்தில் மறுத்து எழுதினார் என்றால், எழுத்து அவருக்குப் பேச்சாகிவிட்டது என்று பொருள். அந்தத் திரையின் கீழ்ப்பகுதியை நான் பெரிதாக மதிக்கிறேன். தமிழ்வழி மாணவர் வகுப்பில் வாய் திறக்காததற்குக் காரணம் அறியாமை அல்ல, தவறாகச் சொன்னால் நாற்பது பேர் சிரிப்பார்கள் என்ற பயம். சொல்வதற்கு முன் சொல்லைத் திருப்பிப் பார்க்க ஓர் இடம் கிடைத்தால் அந்தப் பயம் பாதி போய்விடுகிறது.

என்ஃபி வேறு சில அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் பரவியது. பெர்ட்ராம் புரூஸ், ஜாய் கிரீஃப்ட் பெய்ட்டன், பாட்சன் மூவரும் 1993-ல் ஒரு தொகுப்பு நூல் கொண்டுவந்தார்கள். முறை ஒன்றாக இருந்தும் வகுப்புகள் வெவ்வேறாக அமைந்ததை அந்த நூல் ஒளிக்காமல் சொல்கிறது. ஆசிரியர் எப்படிப்பட்டவரோ, மாணவர்கள் எப்படிப்பட்டவர்களோ, அதற்கேற்ப ஒவ்வோர் இடத்திலும் அது உருமாறியது. மென்பொருள் வாங்கிப் போட்டால் விளைவு தானே வரும் என்று நம்பும் நிர்வாகங்கள் இதைப் படிக்க வேண்டும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். கலிஃபோர்னியாவின் பெர்க்கிலியில் பிரெஞ்சு கற்ற மாணவர்களை வைத்து ரிச்சர்ட் கெர்ன் 1995-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். வாய்வழி விவாதத்தைவிடத் திரைவழி விவாதத்தில் மாணவர்கள் இரண்டு முதல் மூன்றரை மடங்கு வரை கூடுதலாகப் பங்கெடுத்தார்கள். ஆனால் இலக்கணத் துல்லியமும் கோவையான வாதமும் வேண்டுமென்றால் அதற்கு இந்த முறை ஏற்றதல்ல என்றும் அவர் எழுதினார். என் அனுபவமும் அதுவே. பேச்சு பெருகும், பிழையும் கூடவே பெருகும். மறுநாள் அச்சுத்தாளை நடுவில் வைத்து, "இந்த வரி உனக்குப் புரிந்ததா? எங்கே இடறியது?" என்று உட்காரவில்லை என்றால் முதல் நாள் செய்தது வீண். அந்த இரண்டாம் நாளை நான் ஒருபோதும் விட்டதில்லை.

இதற்கு நேர்மாறான இன்னொரு பாதையும் கணினி வரலாற்றில் உண்டு. அதில் எந்திரமே படிக்கிறது. 1966-ல் எல்லிஸ் பேஜ் என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளர் கட்டுரைகளைக் கணினியே மதிப்பிடும் காலம் நெருங்கிவிட்டது என்று எழுதினார். ஆசிரியர்களின் திருத்தும் சுமையைக் குறைக்க வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். கட்டுரையின் நீளம், காற்புள்ளிகளின் எண்ணிக்கை, சொற்களின் சராசரி நீளம் போன்ற அளக்கத்தக்கவற்றை அவருடைய நிரல் எண்ணியது. வந்த மதிப்பெண் மனிதர்கள் போட்ட மதிப்பெண்ணோடு வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போனது. பிறகு பெல் ஆய்வகத்தில் லொரிண்டா செர்ரியும் மற்றவர்களும் உருவாக்கிய ‘ரைட்டர்ஸ் வொர்க்பெஞ்ச்’ வந்தது. செயப்பாட்டு வினை எத்தனை, வாக்கிய நீளம் எவ்வளவு என்று அது காட்டும். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் அதை வகுப்பிலேயே பயன்படுத்தியது. 1999-ல் ஜிமேட் தேர்வின் கட்டுரைகளுக்கு ‘இ-ரேட்டர்’ என்ற நிரல் மனிதரோடு சேர்ந்து மதிப்பெண் போடத் தொடங்கியது.

2014-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த லெஸ் பெரல்மன் மாணவர்கள் சிலரின் துணையோடு ஒரு நிரல் எழுதினார். அதற்கு இரண்டு மூன்று சொற்கள் கொடுத்தால் போதும், பொருளே இல்லாத, பகட்டான சொற்கள் நிறைந்த ஒரு கட்டுரையைக் கொட்டிவிடும். மதிப்பெண் போடும் எந்திரங்கள் அந்தக் கட்டுரைகளுக்கு உயர்ந்த மதிப்பெண் போட்டன. பேஜின் நிரல் மனித மதிப்பெண்ணோடு ஒத்துப்போனது பொய்யல்ல. நன்றாக எழுதுகிறவர்கள் கொஞ்சம் நீளமாக எழுதுவார்கள், காற்புள்ளியும் சரியாகப் போடுவார்கள். எந்திரம் அந்த அடையாளங்களைப் பார்த்தது. எழுதியவர் என்ன சொன்னார் என்பது அதற்குத் தேவைப்படவில்லை.

இணையம் வந்தபோது அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 1994-ல் தன் எழுத்துக்கூடத்தை வலைக்குக் கொண்டுவந்தது. ‘பர்டியூ ஆவுல்’ என்ற பெயரை ஆங்கில ஆய்வு மாணவர்கள் அறிவார்கள். மேற்கோள் குறிப்பது எப்படி, அரைப்புள்ளி எங்கே போடுவது என்று தேடிப் போகும் இடம். அதன் பின்னணி பலருக்குத் தெரியாது. 1976-ல் மியூரியல் ஹாரிஸ் அங்கே நிறுவிய எழுத்துக்கூடத்தில், எழுதிக்கொண்டு வரும் மாணவரின் பக்கத்து நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து சேர்ந்து படிப்பார். அவர்கள் தயாரித்த கையேடுகள் வலையேறி உலகம் முழுக்கப் போயின. நம்மூருக்கும் கையேடு வந்து சேர்ந்தது, பக்கத்து நாற்காலி வரவில்லை. தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் இன்று மொழி ஆய்வகம் இருக்கிறது. எழுதியதை எடுத்துக்கொண்டு போய் உட்காரும் அறை எத்தனை கல்லூரியில் இருக்கிறது?

இப்போதைய நிலைக்கு வருகிறேன். 2022 நவம்பர் 30-க்குப் பிறகு, அதாவது சாட்ஜிபிடி வந்த பிறகு, அசைன்மென்ட் கட்டுகள் பளபளவென்று வருகின்றன. ஆசிரியர்கள் மனம் நொந்து கண்டறியும் மென்பொருளைத் தேடுகிறார்கள். அன்புகூர்ந்து அதை நம்பி ஒரு பிள்ளையையும் தண்டிக்காதீர்கள். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023-ல் இத்தகைய 7 மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்காகச் சொந்தமாக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 விழுக்காட்டை எந்திரம் எழுதியது என்று அவை தவறாகச் சொல்லின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளில் ஏறக்குறைய அத்தகைய தவறே நேரவில்லை. காரணம் எளியது. அடுத்து எந்தச் சொல் வரும் என்று எளிதாக ஊகிக்க முடிந்தால் அது எந்திரத்தின் எழுத்து என்று அவை கணக்கிடுகின்றன. குறைந்த சொற்களை வைத்துக்கொண்டு, பாடப்புத்தக வாக்கிய அமைப்பில் கவனமாக எழுதுகிற நம் முதல் தலைமுறைப் பட்டதாரியின் எழுத்தும் அப்படித்தானே இருக்கும்? இரவெல்லாம் உட்கார்ந்து சொந்தமாக எழுதிய ஒரு பெண்ணிடம் "இது உன்னுடையது இல்லை" என்று சொல்வதைவிடப் பெரிய அநீதியை ஓர் ஆசிரியர் செய்ய முடியாது.

இந்தச் செயற்கை நுண்ணறிவை நான் தள்ளி வைக்கச் சொல்லவில்லை. ‘மை ஃபாதர் டெய்லர்’ என்ற அந்தப் பழைய வரியை அதனிடம் கொடுத்துத் திருத்தித் தரச் சொன்னேன். நான் சிவப்பு மையில் செய்திருக்கக்கூடியதையே செய்தது, ‘இஸ் எ’ போட்டுக் கொடுத்தது. பிறகு, "திருத்தாதே, கேள்வி மட்டும் கேள்" என்று சொல்லிப் பார்த்தேன். உங்கள் தந்தை இப்போதும் அந்த வேலை செய்கிறாரா என்றே கேட்டது. நல்ல கேள்வி. இரவு 11 மணிக்குத் தனியாக எழுதிக்கொண்டிருக்கும் மாணவருக்கு இப்படிக் கேட்க ஒன்று இருப்பது உதவிதான். ஆனால் சட்டையைப் பற்றி அது கேட்கவில்லை. அந்த மாணவி எழுந்து திரும்பிப் பார்த்ததால் கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.

இங்கே இருக்கும் ஆசிரிய நண்பர்களின் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது, நேரம் எங்கே என்று. நியாயமான கேள்வி. வகுப்புக்கு 60 பேர் வீதம் நான்கு வகுப்பு எடுப்பவரிடம் 240 நோட்டு சேரும். ஒன்றுக்கு 5 நிமிடம் என்றாலும் 20 மணி நேரம். எந்த மனிதராலும் வாராவாரம் முடியாது. ஆகவேதான் பக்கத்தில் இருக்கும் பிள்ளையைப் படிக்கவைக்க வேண்டும் என்கிறேன். நான்கு நான்கு பேராகப் பிரியுங்கள். லேப் இல்லையா, எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கிறது. தமிழை ஆங்கில எழுத்தில் மின்னல் வேகத்தில் அடிக்கிற விரல்கள் அவை. ஒரு ஹவர் வாய் பேசாமல் ஆங்கிலத்தில் மட்டும் அடிக்கட்டும். நீங்களும் ஒரு குழுவில் உட்கார்ந்து அடியுங்கள், உங்கள் வீட்டில் ஒருவரைப் பற்றி. கட்டுரையைக் கூகுள் டாக்ஸில் எழுதச் சொன்னால் எந்த வரி எப்போது வந்தது, எது அழிந்தது என்ற வரலாறு அதிலேயே இருக்கும். அதைக் குற்றவாளியைப் பிடிக்கத் திறக்காதீர்கள். "இந்த வரியை ஏன் எடுத்தாய்? நன்றாகத்தானே இருந்தது?" என்று கேட்கத் திறங்கள். மதிப்பெண் வேண்டுமென்றால் கேள்விக்குப் போடுங்கள். நண்பர் எழுதியதைப் படித்துவிட்டு நல்ல கேள்வி கேட்டவருக்கு 5 மதிப்பெண். எங்கள் வகுப்பில் இதைச் செய்தோம். அரியர் வைத்திருந்த பிள்ளைகள் சிலர் மிக நல்ல கேள்விகளைக் கேட்டார்கள்.

தையல்காரரின் மகனான அந்த மாணவர் பற்றி ஒன்று சொல்ல மறந்தேன். செமஸ்டர் முடியும்போது அப்பாவைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். அந்தக் கட்டுரை என்னிடம் இல்லை, அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அன்றைய உரையாடலை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் எடுத்த தாள் என்னிடம் இருக்கிறது. ஓரத்தில் ஓட்டைகள் போட்ட, மடிப்பு மடிப்பான அந்தப் பழைய தாள். மை வெளுத்திருக்கிறது. பெயர்களை மறைத்துக் கொண்டுவந்திருக்கிறேன். இந்த மேசையின்மேல் வைக்கிறேன். முன்னால் வந்து படித்துப் பாருங்கள். ஒரே படிதான் இருக்கிறது, படித்துவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள்.